வடகரை மண்ணில் விழுந்த குண்டுகள்

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நாடிச் செல்லும் தாழ்ந்த சமவெளியில், வடகாஞ்சி என்று பக்தர்கள் போற்றும் ஏகாம்பரநாதர் கோயிலையும் வரதராஜப் பெருமாள் கோயிலையும் தன்னகத்தே கொண்டு, வயல்களும் கிணறுகளும் சூழ அமைதியாக இருந்த மீஞ்சூர், இன்று காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் இரவு பகலாகச் சென்று திரும்பும் கன்டெய்னர் லாரிகளின் ஊராகிவிட்டது. அந்த லாரிகள் சுமந்துவரும் சரக்குகளுள் பழைய இரும்பும் ஒன்று. எந்தெந்த தேசங்களிலோ பயன்பட்டு, உடைந்து, விலைபோன இரும்பு இவ்வழியே கும்மிடிப்பூண்டி வட்டாரத்து உலைகளுக்குச் சென்று, உருகி, வீடு கட்டும் கம்பியாக வெளியே வருகிறது. அந்தக் குவியல்களைக் கிளறும்போது, வாலில் தகட்டு இறக்கைகளும் வயிறு பருத்த உடலும் கொண்ட துருப்பிடித்த பொருள் ஒன்று எப்போதாவது அகப்பட்டுவிட்டால், யார்டில் வேலை நின்றுவிடும், போலீசார் வருவார்கள், மணல் மூட்டைகளை அடுக்குவார்கள், மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வெளிவரும். அந்த நான்கு வரியில் அதன் பெயர் பெரும்பாலும் 'ராக்கெட் குண்டு' என்றோ 'மர்மப் பொருள்' என்றோ இருக்குமேயன்றி, அது எந்த யுத்தத்துக்காக, எவரால், எந்த ஆண்டில் வார்க்கப்பட்டது என்ற விவரம் இராது.

இதில் நமக்கு ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். யுத்தகாலக் குண்டு ஆபத்தான வஸ்து என்பதில் எள்ளளவும் சந்தேகமில்லை. அதைக் கைவைத்துத் தூக்கவோ வீட்டுக்குக் கொண்டுபோகவோ யாருக்கும் உரிமையும் இல்லை, துணிவும் வேண்டாம். ஆயினும் அதுவே ஒரு சரித்திர சாசனமும் ஆகும். செப்பேட்டைப் படிக்க ஒரு சாஸ்திரம் இருப்பதுபோலக் குண்டைப் படிக்கவும் ஒரு சாஸ்திரம் உண்டு; வடிவம், வர்ணம், முத்திரை, தழும்பு ஆகியவை அதன் எழுத்துக்கள். இந்த வடகரைப் பிரதேசமோ, அந்த எழுத்துக்களை வாசிக்க விரும்புகிறவனுக்கு நானூறு வருஷத்துச் சாசனங்களை அடுக்கிவைத்திருக்கும் இடம்.

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாக வடகிழக்கே போனால் பழவேற்காடு. அங்கே 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டு கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் கெல்டிரியா என்ற கோட்டையை அமைத்துக்கொண்டு, சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்தை நடத்தினார்கள் என்பது பலரும் அறிந்த விஷயம். அதே கோட்டையில் வெடிமருந்து அரைக்கும் ஆலை ஒன்றும் நடந்தது என்பதும், பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியின் கப்பல்களுக்கும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்த அதன் கோட்டைகளுக்கும் இங்கிருந்து மருந்து போயிற்று என்பதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கூடினால் மருந்து. மூன்றையும் தனித்தனியே நுணுக்கிப் பின்னர் ஈரப்பதத்தோடு சேர்த்து அரைத்து, மணிமணியாக்கி உலர்த்தும் அந்த வேலை, கவனம் ஒரு கணம் தவறினாலும் ஆலையையே தூக்கிவிடக்கூடியது. பல கைகள் மாறிய பிறகு, 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயரிடம் நிலையாக வந்து சேர்ந்தது. இன்று கோட்டை மண்மேடாகக் கிடக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய கல்லறைத் தோட்டம் மட்டும் அக்காலத்தை நினைவூட்டுகிறது.

டச்சு தேசத்தைச் சேர்ந்த மெனோ வான் கூஹோர்ன் என்ற கோட்டைச் சிற்ப நிபுணர்தான், இரண்டு மூன்று பேர் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய மார்ட்டரை 1670களில் அமைத்தவர். மார்ட்டர் என்பது குட்டைப் பீரங்கி. நீண்ட பீரங்கி மதிலை நேராக இடிக்கும். குட்டைப் பீரங்கியோ வாயை வானத்தை நோக்கித் திறந்து நின்று, மதிலைத் தாண்டி, உள்ளே பதுங்கியிருப்பவன் தலைமேல் குண்டை இறக்கும். அந்தக் குண்டு கெட்டி இரும்பு அன்று. உள்ளே குடைவான இரும்புக் கோளம். அதன் வயிற்றில் மருந்து. வாயிலுள்ள துவாரத்தில் மெதுவாக எரியும் மருந்து அடைத்த மரக்குழாய்த் திரி. வானில் எத்தனை விநாடி பறக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் திரியை அவ்வளவுக்கே அறுத்துச் செருகுவான் குண்டு வீசுகிறவன். சற்றே நீளமானால் குண்டு மண்ணில் கிடந்து புகையும். எதிரி ஓடித் தப்புவான், அல்லது துணிந்தவன் ஒருவன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவான். குறைந்தால் ஆகாயத்திலேயே வெடிக்கும். இத்தனை நுட்பமும் ஒரு மரத்துண்டின் நீளத்தில் அடங்கியிருந்தது.

அந்தக் குண்டுகள் சென்னையில் மழையாகப் பொழிந்த காலம் ஒன்று உண்டு. 1746இல் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர் சில நாட்களிலேயே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய சோதனை பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு வந்தது. 1758 டிசம்பர் நடுவில் பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் லாலி, கோட்டைக்கு வடக்கே கிடந்த கறுப்பர் பட்டணத்துக்குள் தன் படையோடு புகுந்தார். இன்று உயர்நீதிமன்றமும் பழைய சட்டக்கல்லூரிக் கட்டிடமும் நிற்கும் இடமே அந்தப் பழைய பட்டணம். வீடுகள் கொள்ளை போயின. கோட்டைக்குள் ஆளுநர் பிகாட்டும் கர்னல் லாரன்ஸும் தற்காப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். ஜனவரி பிறந்ததும் பிரெஞ்சுப் பீரங்கி மேடைகள் வடக்கிலிருந்து சுட ஆரம்பித்தன. இரண்டு மாதத்துக்குமேல் நடந்த அந்த முற்றுகையில், கோட்டையிலிருந்தவர்கள் செலவழித்த தளவாடங்களின் கணக்கைச் சரித்திர ஆசிரியர் ராபர்ட் ஆர்ம் குறித்துவைத்திருக்கிறார்: பீரங்கி வேட்டுகள் 26,554, மார்ட்டர் குண்டுகள் 7,502, கையெறி குண்டுகள் 1,990, துப்பாக்கித் தோட்டாக்கள் இரண்டு லட்சம், மருந்துப் பீப்பாய்கள் 1,768. இந்தக் கணக்கைப் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 7,502 என்ற எண்ணிலேயே என் மனம் நின்றுவிடுகிறது. இவை கோட்டைக்காரர் வெளியே எறிந்தவை மட்டுமே. லாலி உள்ளே எறிந்தவை வேறு. கோட்டையிலிருந்து பறந்தவற்றில் பெரும்பகுதி, பிரெஞ்சுக்காரர் மறைந்திருந்த கறுப்பர் பட்டணத்தின் தெருக்களில், அதாவது நெசவாளிகளும் துபாஷிகளும் செட்டிமார்களும் விட்டுவிட்டு ஓடிய வீடுகளின் மேல்தான் விழுந்திருக்க வேண்டும். இரு தேசத்தார் சண்டையில் மூன்றாம் மனிதன் வீடு எரிந்தது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் தனியாகச் சொல்வதில்லை.

1759 பிப்ரவரி 16ஆம் தேதி ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தோன்றின. மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்.

அந்த முற்றுகை நகரத்தின் உருவத்தையே மாற்றிவிட்டது. கோட்டைக்கு வடக்கே ஆங்கிலேயரின் பழைய இடுகாடு ஒன்று இருந்தது. உயரமான கோபுரங்களும் கமான்களுமாக எழுந்து நின்ற அதன் கல்லறைகள் பிரெஞ்சுக்காரருக்கு நல்ல மறைவிடமாகப் பயன்பட்டன என்பதால், யுத்தம் ஓய்ந்ததும் கல்லறைகளை இடித்துவிட்டு, எழுத்துப் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் புனித மேரி ஆலய முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். இன்றும் அவற்றை அங்கே மிதிக்காமல் நடப்பது கஷ்டம். பழைய இடத்தில் எஞ்சியவற்றுள் ஒன்று, ஆளுநர் எலிஹூ யேலின் மகனும் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸும் அடங்கியிருக்கும் கூர்ங்கோபுரம். பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் அது நிற்கிறது. கறுப்பர் பட்டணமும் படிப்படியாக இடிக்கப்பட்டது. கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும், எதிரி ஒளிய ஒரு சுவரும் இருக்கக்கூடாது என்பது காரணம். மக்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் தள்ளிப்போய்க் குடியேறினார்கள். இந்த எல்லைக்கு இப்பால் வீடு கட்டலாகாது என்று 1773இல் நட்ட தூண்களில் ஒன்று இன்றும் பாரிமுனையில் இருக்கிறது. பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்ற நகரமும், அதன் தொடர்ச்சியாக ராயபுரமும் வடக்கே வளர்ந்ததற்கு, குண்டு விழும் தூரமும் ஒரு முக்கிய காரணம்.

புனித மேரி ஆலயத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1678இல் தொடங்கி 1680இல் முடிந்த அந்தக் கோயிலுக்குத் தட்டையான கூரை இல்லை. கனத்த செங்கல் வளைவுதான் கூரை. அதைக் கட்டியவர் கோட்டையின் தலைமைப் பீரங்கிக்காரர் வில்லியம் டிக்ஸன் என்பது சில அறிஞர் கருத்து. மார்ட்டர் குண்டு மேலிருந்து விழும் என்பதை அறிந்த ஒருவன் கையால் கூரை அமைந்ததனாலேயே, ஜபம் செய்யும் இடம் ஆபத்துக் காலத்தில் அடைக்கல ஸ்தலமாகவும் ஆயிற்று.

அந்தக் காலத்துக் குண்டு ஒன்று பூமியிலிருந்து கிடைத்தால் அதை எவ்வாறு அடையாளம் காண்பது? ஆராய்ச்சியாளர் முதலில் பார்ப்பது துவாரம். பீரங்கியின் கெட்டிக் குண்டில் துவாரம் கிடையாது. மார்ட்டர் குண்டில் திரி செருகிய துவாரம் இருந்தே தீரும். துருவும் சுண்ணாம்பும் மண்ணும் அடைத்துக்கொண்டு அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், துவாரம் காணவில்லை என்பதைக் கொண்டு கெட்டிக் குண்டு என்று முடிவு கட்டுவது மகா தவறு. துவாரத்துக்கு இருபுறமும் இடுக்கி மாட்டித் தூக்குவதற்கான வளையக் காதுகளோ குழிகளோ சில பெரிய குண்டுகளில் உண்டு. அடுத்தது எடை. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டி இரும்புக் கோளம் முப்பது கிலோவுக்குமேல் நிறுக்கும். அதே அளவுள்ள குடைவுக் குண்டு சுமார் இருபது கிலோ. பதின்மூன்று அங்குல மார்ட்டருக்குரிய பெரிய குண்டு மட்டும் ஏறக்குறைய தொண்ணூறு கிலோ. வெடித்துச் சிதறிய ஓடு கிடைத்தாலும் அது பேசும்: வெளிவளைவைக் கொண்டு முழுக் கோளத்தின் அளவைக் கணக்கிடலாம், ஓட்டின் கனம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும், கனத்த பக்கம் திரிக்கு எதிர்ப்பக்கம், அதாவது குண்டின் அடிப்பாகம். அடி கனத்திருந்தால் திரி மேல்நோக்கி நிற்க, மண்ணில் புதைந்து அணையாது என்பது வார்த்தவன் கருத்து. பீரங்கியினுள் மருந்து வெடித்துத் தள்ளும் உதையைத் தாங்குவதற்கும் அந்தக் கனம் உதவிற்று.

இனி எம்டன். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, கேப்டன் கார்ல் வான் முல்லரின் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரையை நெருங்கி, துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின் மேல் சுட்டது. உயர்நீதிமன்றக் கோபுரத்தின் கலங்கரை விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. எதிரி தன் நிலையை அறிந்துகொள்ள அதுவே போதுமானதாயிற்று. அரைமணி நேரத்துக்குள் ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து குண்டுகள் வந்தன. இரண்டு தொட்டிகள் தீப்பற்றின, துறைமுகத்திலிருந்த சுப்ரா என்ற கப்பல் அடிபட்டது, சிலர் மாண்டனர். கரையிலிருந்து கிளைவ் பாட்டரிப் பீரங்கிகள் பதில் சுட்டும் பயனில்லை, எம்டன் விளக்கை அணைத்துவிட்டு மறைந்தது. அடுத்த சில நாட்கள் ராயபுரமும் எழும்பூரும் ரயிலேறி ஓடும் ஜனங்களால் நிரம்பின. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் தேதி கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அழித்தது. சென்னை ஜனங்களின் பயம் அதற்கு அப்புறமும் நெடுநாள் அடங்கவில்லை.

எம்டனின் பீரங்கிகள் 10.5 சென்டிமீட்டர் வாயுள்ளவை. கப்பலில் மொத்தம் பத்து. அந்தக் குண்டின் சிதறல் ஒன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குண்டு தாக்கிய இடத்தைக் குறிக்கும் கல் உயர்நீதிமன்ற மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவனுக்கு ஓர் உண்மை விளங்கும். சிதறல் வெறும் இரும்பு. கல்லிலிருந்து கிடைப்பதோ இடம், தேதி. இரண்டும் இருந்தால்தான் சரித்திரம் பூரணமாகும். எந்தத் தெருவில், எத்தனை அடி ஆழத்தில், எந்த வாக்கில் கிடந்தது என்ற குறிப்பில்லாத சிதறல், மூலம் தெரியாத ஓலைச்சுவடிபோல் ஆகிவிடுகிறது; அதன் அருமையில் பாதி போய்விடுகிறது. கப்பல் பீரங்கிக் குண்டுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அதன் இடுப்பில் செம்பு வளையம் இருக்கும். பீரங்கிக் குழலின் உட்புரிகள் அந்தச் செம்பில் சாய்வான கீற்றுகளைப் பதித்துவிடும். கீற்றுள்ள செம்பு கிடைத்தால், அது சுடப்பட்ட குண்டு, புரிக்குழலிலிருந்து வந்தது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

மார்ட்டரோ பெரும்பாலும் புரியில்லாத வழவழப்பான குழல். அது முதல் உலக யுத்தத்தில் மறுபிறவி எடுத்த கதை சுவையானது. மேற்கு ஐரோப்பாவில் இரு படைகளும் பதுங்குகுழிகளுக்குள் மறைந்துகொண்டபோது, பழைய குட்டைப் பீரங்கியின் தேவை திரும்ப வந்தது. 1915 ஜனவரியில் அதற்கு விடை கண்டவர் ராணுவத்தார் அல்லர். இப்ஸ்விச் நகரில் கிரேன்களும் ரயில்வே சாமான்களும் செய்துவந்த ரான்ஸம்ஸ் அண்டு ரேப்பியர் கம்பெனியின் தலைவர் வில்பிரெட் ஸ்டோக்ஸ். துறைமுகத்துப் பளுதூக்கிகளைச் செய்தவர் கை, எளிமையான ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தது: ஒரு குழல், இரண்டு கால், ஓர் அடித்தட்டு. குண்டை வாய்வழியே நழுவவிட்டால் அது கீழே போய், குழலின் அடியிலுள்ள ஊசியில் மோதி, தன் வாலிலுள்ள தோட்டா வெடித்து, தானே மேலே பறக்கும். ஸ்டோக்ஸின் குண்டு வெறும் உருளை. இறக்கை இல்லாததால் வானில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும். 1927இல் பிரெஞ்சுக்காரர் எட்கார் பிராண்ட், நீர்த்துளி வடிவ உடலும் வாலிறக்கையும் கொண்ட குண்டை அமைத்தார், குறி நேராயிற்று. அதனாலேயே, வடிவம் ஒன்றைக் கொண்டே ஒரு மார்ட்டர் குண்டு முதல் யுத்தத்து மரபைச் சேர்ந்ததா, பின்னதா என்று நிர்ணயிக்க ஓரளவு முடிகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்த வடகரையும் போர்க்களத்தின் விளிம்பாயிற்று. 1942 ஏப்ரலில் கொழும்பும் காக்கிநாடாவும் விசாகப்பட்டினமும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட, சென்னையிலிருந்து அரசாங்க அலுவலகங்களே வெளியேறின. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் துறைமுகப் பக்கம் குண்டு வீசிவிட்டுப் போயிற்று. மீஞ்சூருக்கு அண்மையிலுள்ள சோழவரத்தில் விமான ஓடுபாதை அமைந்தது. செங்குன்றம் ஏரியில் கட்டலினா என்னும் கடல் விமானங்கள் இறங்கின. யுத்தம் முடிந்த பிறகு அந்தச் சோழவரம் ஓடுபாதையில் கார்ப் பந்தயங்கள் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமது சிப்பாய்கள் கோஹிமாவிலும் இம்பாலிலும் பிடித்து நின்ற மார்ட்டர்கள் இரண்டங்குலம், மூன்றங்குலம் என்று இரு வகை. மூன்றங்குலக் குண்டு பத்து ராத்தல், அதாவது நாலரைக் கிலோ. இரண்டங்குலக் குண்டு ஒரு கிலோ அளவே.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ், இந்தியக் குண்டின் எழுத்துக்களை நிபுணர் படிக்கும் முறை இது. உடலின் வர்ணம் வகையைக் காட்டும். வெடிகுண்டுக்கு மஞ்சள் சார்ந்த வர்ணம், புகைக்குண்டுக்குப் பச்சை. கழுத்தருகே ஓடும் சிவப்பு வளையம், உள்ளே மருந்து நிரப்பியாயிற்று என்பதற்கு அடையாளம். அகன்ற அம்புக்குறி அரசாங்கச் சொத்து என்பதற்கு முத்திரை. செய்த ஆலையின் சுருக்கெழுத்து, தொகுதி எண், நிரப்பிய மாதம், ஆண்டு ஆகியவை அச்சிலோ உளியிலோ இருக்கும். உப்புக் காற்று முதலில் தின்பது வர்ணத்தை. கடைசியில் தின்பது உலோகத்தில் ஆழப் பதித்த எழுத்தை. வாலின் அடியைப் பார்த்தால் இன்னும் ஒரு செய்தி கிடைக்கும். அங்கேயுள்ள சிறிய கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இருந்தால், குண்டு சுடப்பட்டுப் பறந்து, விழுந்து, வெடிக்காமல் கிடந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இல்லையென்றால் அது சுடப்படாதது. சுடப்பட்டும் வெடிக்காத குண்டே அதிக ஆபத்து, ஏனெனில் அதன் தலையிலுள்ள பூட்டு திறந்துகொண்டு, ஒரு தட்டலுக்காகக் காத்திருக்கலாம். இதையெல்லாம் தூரத்திலிருந்து, தொலைநோக்கியாலும் புகைப்படத்தாலும் பார்ப்பவரே நிபுணர். புரட்டிப் பார்ப்பவர் நிபுணர் அல்லர்.

வெளிநாட்டு யுத்தங்களின் மிச்சம் துறைமுக வழியாக நம்மிடம் வருவது புதிய கதை. 2004ஆம் ஆண்டில் டெல்லியை அடுத்த காஜியாபாத் பக்கத்து இரும்பாலை ஒன்றில், இறக்குமதியான பழைய இரும்புக்குள் இருந்த குண்டு வெடித்துத் தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்து மேற்கு ஆசியாவிலிருந்து வந்த சரக்குகளில் தேடியபோது நாட்டின் பல இடங்களில் குண்டுகள் அகப்பட்டன. அதன் பிறகுதான், துண்டாக்கப்படாத இரும்பைச் சென்னை, எண்ணூர் உள்ளிட்ட குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியே மட்டும் கொண்டுவரலாம் என்றும், ஏற்றுமதியாகும் நாட்டிலேயே பரிசோதித்து, ஆயுதமோ குண்டோ தோட்டாவோ கண்ணியோ இல்லை என்ற சான்று பெறவேண்டும் என்றும் விதி வந்தது. அந்தச் சான்றிதழின் மறுபக்கம் நிற்பவர்கள் நம் வட்டாரத்துக் கூலித் தொழிலாளர்கள்: கேஸ் கட்டரைப் பிடிப்பவர், காந்தக் கிரேனை ஓட்டுபவர், கையுறையின்றிப் பிரித்து அடுக்கும் வடநாட்டு இளைஞர். காகிதம் பொய்த்தால் முதலில் பலியாவது அவர்கள் உயிர்.

வயது ஏறினால் குண்டு சாதுவாகிவிடும் என்று எண்ணுவது பேதைமை. 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், அந்நாட்டு உள்நாட்டுப் போர்க்காலக் குண்டுகளைச் சுத்தம் செய்வதில் வெகுகால அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளர், நூற்றைம்பது வயதுக்குச் சற்றுக் குறைந்த குண்டு ஒன்று வெடித்துத் தம் வீட்டு முற்றத்திலேயே இறந்தார். கடலைத் தாண்டி ஈழத்து வன்னியில் இன்னும் இது அன்றாட வேதனை. யுத்தம் 2009இல் ஓய்ந்த பின்பும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மண்ணில் எறிகணைகளும் கண்ணிகளும் அகற்றப்பட்டுவருகின்றன, பழைய இரும்பு பொறுக்கப்போன ஏழைகள் உயிரிழந்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற கைக்கும் இது உயிரைப் பணயம் வைக்கும் தொழில்தான். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஓட்டிவாக்கத்தில் பிறந்து, மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிய சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில் கண்ணிகளை அகற்றும்போது, தோழன் கால்பட்டு உயிர்பெற்ற கண்ணியின்மேல் தாமே விழுந்து மற்றவர்களைக் காத்தார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

ஆகவே சேகரித்தல் என்று நான் சொல்வது தனிமனிதர் அலமாரியைச் சொல்லவில்லை. உயிருள்ள குண்டை வைத்திருப்பது 1908ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படியும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படியும் குற்றம். செயலிழந்த சிதறலுக்கும் சட்டம் உண்டு: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு வயது கடந்த சரித்திரப் பொருளைத் தொல்பொருளாகக் கருதுகிறது. எம்டன் சிதறல்கள் 2014லேயே அந்த வயதை எட்டிவிட்டன. இவை போகவேண்டிய இடம் அருங்காட்சியகம். அங்கேயும் வைத்தால் மட்டும் போதாது. கடலருகே மண்ணில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். காற்றுப் பட்டதும் அது செதில் செதிலாக உரிந்து, சில வருஷத்தில் தூளாகிவிடும். அதைக் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி உப்பை இழுத்து, பின்னர் மெழுகு பூசிக் காக்கவேண்டும். பொறுமையும் ரசாயன அறிவும் வேண்டிய தொழில் அது.

எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் இந்த வடகரைக் குண்டுகளுக்கென்று, கிடைத்த இடம், தேதி, அளவு, முத்திரைகள் ஆகியவற்றோடு கூடிய ஒரு பதிவேடு அவசியம் வேண்டும். போலீஸ் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் ஒவ்வொரு குண்டையும் அழிக்குமுன் புகைப்படம் எடுக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் படங்களின் பிரதி ஒன்று வழக்கு முடிந்ததும் அருங்காட்சியகத்துக்குப் போனால், அரசாங்கத்துக்குப் பெரிய செலவில்லாமலே ஒரு சரித்திரம் சேர்ந்துவிடும். ஜார்ஜ் டவுனில் அஸ்திவாரம் தோண்டும் காண்டிராக்டருக்கும், கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் யார்டு உரிமையாளர்களுக்கும் என் விண்ணப்பம் இதுதான்: உங்கள் தொழிலாளர்களுக்கு இரண்டே இரண்டு படங்களைக் காட்டி வையுங்கள், துவாரமுள்ள இரும்புக் கோளம் ஒன்று, வாலிறக்கை உள்ள குண்டு ஒன்று. அப்படி எதையேனும் கண்டால் தொடாமல், அசைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் விலகி நின்று, ஆட்களை அப்புறப்படுத்தி, 112 என்ற எண்ணுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கன்டெய்னர் எண்ணையோ தோண்டிய ஆழத்தையோ ஒரு காகிதத்தில் எழுதி, வருகிற அதிகாரியின் கையில் கொடுங்கள்.